கரடியின் முதுகில் இரண்டாவது குட்டி

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் இருக்கிறது பூபதி ஸ்டுடியோ. பூபதி இப்போது இல்லை. கடையை நடத்துவது அவர் மனைவி வனிதா. கொல்லிமலையில் யார் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்கினாலும், பெரும்பாலும் அது வனிதாவின் கைவேலையாக இருக்கும்.

ஒழுங்காக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போனவர்கள் மலையில் நிறையப் பேர். ரேஷன் அட்டையில் தபால்தலை அளவில் ஒரு முகம் மிஞ்சியிருக்கும். இல்லையென்றால் யாரோ ஒருவரின் கல்யாணக் கூட்டத்தில் ஓரமாகத் திரும்பி நிற்கும் அரை முகம். அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மகனோ மருமகளோ வந்து நிற்பார்கள். "எங்கப்பன எங்கம்மாகூடச் சேத்துப் போட்டுக் குடுங்க" என்பார்கள். வனிதா அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மடிப்புக் கோட்டை அழித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, உயிரோடிருக்கும் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பாள். மனைவிமேல் வெளிச்சம் இடப்பக்கம் விழுந்தால் புருஷன் மேலும் இடப்பக்கமே விழும். கழுத்தடியில் நிழல், காது மடலில் கொஞ்சம் சிவப்பு. ஒட்டுப் போட்ட இடம் தெரியாது.

இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. படத்தை வாங்கிப் போகிறவருக்கும் தெரியும், வீட்டுக்கு வந்து அதைப் பார்க்கிற சொந்தபந்தங்களுக்கும் தெரியும். செத்தவர் எழுந்து வந்து நாற்காலியில் உட்காரவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை அந்தத் தொழிலில் ஒரு நாளும் வந்ததில்லை.

மற்றபடி அவள் எடுப்பது எல்லாம் உள்ளது உள்ளபடிதான். ஆதார் படம், கல்யாணம், காதுகுத்து. காட்டுப்பன்றி புகுந்து நாசம் செய்த குச்சிக்கிழங்குக் காட்டைப் படம் பிடித்து நிவாரண மனுவோடு வைக்க வேண்டுமென்றாலும் வனிதாவைத்தான் கூப்பிடுவார்கள். வனிதா எடுத்த படம் என்றால் ஆபீசில் மறு பேச்சு கிடையாது.

அவள் ராசிபுரத்துப் பெண். கல்லூரி முடித்த வருஷமே பூபதிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மலையில் ஒரு திருவிழாவைப் படமெடுக்க வந்த பூபதி, ஊர் பிடித்துப்போய் இங்கேயே கடை போட்டவர். அவர் வெளியே போய் எடுப்பார், அவள் உள்ளே உட்கார்ந்து திருத்துவாள். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. மகள் யமுனா வளர்ந்து திருப்பூரில் வாழ்க்கைப்பட்டாள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம் பூபதிக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே கொண்டு போனார்கள். மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வண்டி சாய, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவாரம் வந்ததும் நர்ஸ் பையன் தலையைக் குனிந்துகொண்டான். எந்த வளைவில் அது நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கை மட்டும் கடைசிவரை சூடாகவே இருந்தது.

"கடையக் குடுத்துட்டு இங்க வந்துரும்மா" என்று யமுனா வாரம் தவறாமல் போனில் சொல்வாள். "பாக்கலாம் கண்ணு" என்பாள் இவள். அதற்கு மேல் பேச்சு நீளாது. "மொகத்தக் கொஞ்சம் தூக்குங்க, கண்ணச் சிமிட்டாதீங்க, ஆச்சுங்க." சில நாட்களில் காலையிலிருந்து இருட்டும்வரை அவள் வாயிலிருந்து வருவது இந்த மூன்று பேச்சுதான்.

கரடி அவள் வாழ்க்கைக்குள் வந்தது சென்னம்மாள் மூலமாக.

சென்னம்மாளும் அவள் புருஷன் அர்த்தனாரியும் வாழவந்தி நாடு என்ற ஊரில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு மேலே ஒரு பெரும் பாறை, பாறைக்குக் கீழே ஓடை, ஓடைக்கு அப்பால் கல்லும் புதருமாய் ஏறிப்போகும் சரிவு. பங்குனி மாதம் மாமனார் படத்தைப் பெரிதாக்கித் தரச்சொல்லி வந்தவள், கிளம்பும்போது சொன்னாள்:

"ஏஞ்சாமி, இத்தாப் பெரிய கேமராவ ஏன் சும்மா தொங்க உட்டிருக்கற? ஓடைக்கு அக்கட்டால கரடி குட்டி போட்டிருக்குது. ரெண்டு. முதுகுல ஏத்திக்கிட்டுத் திரியுது பாரு, பஸ்ஸுல சனம் தொத்தறாப்புல."

அது பூபதி கடைசியாக வாங்கிய கேமரா. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் நீள லென்ஸ். காட்டு மிருகம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கி, கல்யாண மண்டபத்துக்கு மட்டுமே கொண்டு போனார். வனிதா அதைத் துடைத்து சார்ஜ் போட்டாள். மறுநாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் போனாள்.

பாறைமேல் குப்புறப் படுத்துக் கிடந்தாள். வெயில் சாய்ந்தபோது எதிர்ச்சரிவில் ஒரு பாறை இடுக்கிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று பிதுங்கியது. முதலில் நீண்ட வெளிர் மூக்கு, பிறகு சிலிர்த்த பிடரி. நெஞ்சில் வெள்ளையாய் ஒரு வளைவு. அதன் பின்னால் இரண்டு குட்டிகள், உருட்டிவிட்ட தேங்காய் நார்போல. தாய் முன்காலை மடக்கிக் குனிந்ததும் ஒன்று விறுவிறுவென்று ஏறித் தோளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. மற்றது ஒரு கல்லை மோந்து பார்த்துவிட்டு, தாய் நடக்கத் தொடங்கிய பிறகே ஓடி வந்து பின்பக்கத்து மயிரைப் பற்றித் தொங்கியது. தொங்கிக்கொண்டே மேலே ஏறியது. பாதி வழியில் சறுக்கியது.

வனிதா தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு வாரத்தில் நாலைந்து நாள் போனாள். தாய் கரையான் புற்றைக் கிளறி மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சும் சத்தம் ஓடை தாண்டிக் கேட்கும், தண்ணீர் வற்றிய பம்பு காற்றை இழுப்பதுபோல. குட்டிகள் அதற்குள் ஒன்றையொன்று தள்ளிவிட்டு உருளும். சில நாள் சென்னம்மாளும் வேலை முடித்து வந்து பக்கத்தில் உட்காருவாள். முந்தி ஏறுவதற்கு மூத்தது என்றும், பிந்தி ஏறுவதற்கு எளையது என்றும் அவள்தான் பேர் வைத்தாள்.

"எளையது எங்கூட்டுக்காரராட்டமே. வேலையெல்லாம் முடிஞ்ச பின்னால எந்திரிச்சு வரும்."

"அவருகிட்டச் சொல்லட்டுங்களாக்கா?"

"சொல்லு. கேக்கறதுக்கு அவரு முழிச்சிருக்கோணுமே."

படங்களைப் பற்றிய பேச்சு மெல்ல வனவர் இமானுவேலின் காதுக்கு எட்டியது. தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர், மலைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. பலாப்பழக் காலம் தொடங்கிவிட்டால் கரடி எந்தத் தோட்டத்துக்குள் புகும் என்று சொல்ல முடியாது. குட்டியோடு இருக்கும் தாயின் எதிரில் யாராவது போய் நின்றுவிட்டால் உயிர் தங்காது. அவர் ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கி, சுற்றுப்பட்டுத் தோட்டக்காரர்களையெல்லாம் சேர்த்து, வனிதாவையும் சேர்த்தார்.

"யக்கா, தெனம் ஒரு படம் போட்டாப் போதும். எந்தப் பக்கமாப் போவுதுன்னு ஒரு வரி. எங்க ஆளு அங்கன உக்காந்து பாக்க முடியாது, நீங்கதாம் எங்களுக்குக் கண்ணு."

அவளும் போட்டாள். "இன்று கிழக்கே, நாவல் மரத்துப் பக்கம்." அதைப் பார்த்து அந்தப் பக்கத்துக்காரர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பினார்கள். தான் எழுதும் ஒரு வரிக்காக எங்கெங்கோ மனிதர்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குச் சாயங்காலங்களைக் கொஞ்சம் எளிதாக்கியது.

வைகாசியில் கோடை மழை பிடித்து அடித்தது. ஒன்றிரண்டு நாள் போக முடியவில்லை. மழை விட்ட மாலை போனபோது தாயின் முதுகில் ஒரு குட்டிதான் இருந்தது.

இளையது வழக்கம்போலப் பின்தங்கி வரும் என்று லென்ஸை இடுக்கின் வாயிலேயே வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. தாய் இரை தேடவும் இல்லை. வயிறுவரை சேறு அப்பியிருந்தது. சரிவின் மேற்கு ஓரம்வரை போய்த் தலையைத் தூக்கி நிற்கும், திரும்பி வரும், இடுக்கை மோந்து பார்க்கும், மறுபடி மேற்கே போகும். இடையிடையே முனகல்போல ஒரு சத்தம். மூத்தது அதன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"பெத்தவ படற பாட்டப் பாரு" என்று சென்னம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "எனக்குப் பாக்க முடியல சாமி. நான் போறேன்." தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

வனிதா குரூப்பில் எழுதினாள்: "இன்று ஒரு குட்டிதான் தெரிகிறது." உடனே இமானுவேல் கூப்பிட்டார்.

"எவனாவது பன்னிக்குக் கம்பிக் கண்ணி வச்சுருப்பான்க்கா. இல்லன்னா ஓடையில வெள்ளம் இழுத்துருக்கும். காலைல ஆளுகள எறக்குதேன். பால் குடிக்கிற குட்டி, ரொம்ப நாளு தாங்காது."

மறுநாள் காலையிலேயே வேட்டைத் தடுப்புக் காவலர் சின்னுசாமியும் ஆட்களும் இறங்கினார்கள். ஓடையைக் கீழ்வரை அலசினார்கள், கிழக்குத் தோட்டங்களின் வேலியோரமெல்லாம் தேடினார்கள். அன்று மாலையும் வனிதா பார்த்தாள். அதே ஒற்றைக் குட்டி, அதே நடை.

கடைக்குத் திரும்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அன்றைய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நல்ல படம். பக்கவாட்டில் தாய், சேற்றோடு, மாலை வெளிச்சம் பிடரியில் தங்கக் கோடு போட்டிருந்தது. தோளில் மூத்தது. அதற்குப் பின்னால் முதுகு வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெறும் இடத்தைத்தான் அவள் கண் முதலில் பார்த்தது. இத்தனை வருஷப் பழக்கம். பழைய படங்களில் தேடி, இளையது சரியாக ஏறி உட்கார்ந்திருந்த ஒரு படத்தை எடுத்தாள். வெட்டினாள். மழையில் நனைந்த மயிர் போலக் கொஞ்சம் கறுப்பேற்றினாள். அதன் காலிலும் சேறு பூசினாள். தாயின் முதுகில் அதன் நிழலை விழவைத்தாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது, இரண்டு நாளாக நெஞ்சில் ஏதோ பிடித்திருந்தது விட்டதுபோல இருந்தது. படம் வாங்க வருகிறவர்கள் காகித உறையைப் பிரித்ததும் பேசாமல் நிற்பார்களே, அதுபோல அவளும் அதன் முன்னால் சற்று நேரம் நின்றாள்.

சென்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. அவளுக்கும் இது ஆறுதலாக இருக்கட்டும் என்று படத்தை அவர்கள் வீட்டுப் போனுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதவில்லை. சேர்த்துப் போட்ட படத்துக்கு என்ன விளக்கம் எழுதுவது?

அடுத்த நாள் முழுக்கச் சோளக்காடு கிராமத்தில் ஒரு கல்யாணம். போனைப் பையில் போட்டவள் எடுக்கவே இல்லை. அதற்கும் மறுநாள் காலையில் டீக்கடையில் பால் வாங்கப் போனபோது சின்னுசாமி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"ஏனுங்க்கா, என்னா படமுங்க அது! நாங்க முள்ளுலயும் சேத்துலயும் பொறண்டுட்டுக் கெடந்தா, அந்தக் கழுதக்குட்டி நோகாம ஆத்தா முதுகுல உக்காந்துட்டு இருக்குது!"

"எந்தப் படம்?"

"இதுதானுங்க." போனைக் காட்டினான்.

குரூப்பில் இருந்தது. போட்டிருந்தவர் அர்த்தனாரி. கீழே "தொலைந்த குட்டி கிடைத்தது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகளும் கைதட்டும் பொம்மைகளும் வரிசையாக. நடுவில் இமானுவேல்: "மழைச்சேறு அப்படியே இருக்கிறது. நேற்று மாலைப் படம்தான். கர்த்தருக்கு நன்றி. தேடுதல் நிறுத்தப்படுகிறது."

வனிதா பால் தூக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தாள்.

"எதுவரைக்கும் தேடுனீங்க சின்னுசாமி?"

"கெழக்கால பூராவும் முடிச்சாச்சுங்க. நேத்து மேக்கால எறங்கறதுக்குள்ள வனவரு போனு. போதும், எல்லாரும் ஊட்டுக்குப் போங்கடான்னுட்டாரு. ஏனுங்க்கா, மேலுக்குச் சொகமில்லீங்களா?"

கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குட்டி எங்கோ இன்னும் கிடக்கிறது. கம்பியிலோ குழியிலோ. ஒரு பகல் வீணாகிவிட்டது, அவளால். யாரும் தேடவில்லை, ஏனென்றால் அது தாயின் முதுகில் இருக்கிறது என்று மலைக்கே தெரியும்.

ஒரு வழி உடனே தோன்றியது. "இன்று பார்த்தேன், மறுபடி ஒன்றைக் காணோம்" என்று எழுதிவிட்டால் போதும். ஆட்கள் திரும்ப இறங்குவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. விரல் போனின் மேலேயே நின்றது. ஆனால் முந்தாநாள் முதுகில் இருந்த குட்டி புதிதாகத் தொலைந்தது என்றால் எங்கே தேடுவார்கள்? அந்தப் பாறை இடுக்கைச் சுற்றித்தான் தேடுவார்கள். மழையிலிருந்து இத்தனை நாளில் ஒரு குட்டி போகக்கூடிய தூரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தாய் மேற்கே பார்த்து முனகியதையும் பழைய கதை என்று விட்டுவிடுவார்கள்.

உண்மையைச் சொன்னால் பன்றி மேய்ந்த காட்டுப் படங்களும் கூடவே மதிப்பிழக்கும். வனிதா எடுத்த படமா, அந்தம்மா இல்லாததையெல்லாம் வைக்குமே என்று ஆபீசில் ஒரு ஆள் சொன்னால் போதும். அவள் எழுந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

வனவர் அலுவலகத்தில் இமானுவேல் தட்டில் இட்லியோடு இருந்தார். "வாங்கக்கா, சாப்புடுதியளா?" என்றார்.

"அந்தக் குட்டி கெடைக்கலீங்க" என்றாள். "அந்தப் படம் நான் சேத்துப் போட்டது."

அவருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. "என்னக்கா சொல்லுதிய?"

"முதுகு வெறுசா இருந்துச்சு. பழைய படத்துலருந்து எடுத்து வெச்சேன். அர்த்தனாரி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன், குரூப்புல போடுவாங்கன்னு நெனைக்கலீங்க. அந்தக்கா பாக்கட்டும்னு... தப்பு என்னுதுதான்."

அவர் தட்டை மேசையில் வைத்தார். கையைக் கழுவ எழுந்திருக்கவும் இல்லை.

"நாஞ் சேத்தப் பாத்தேன்க்கா. குட்டி காலுல சேறு இருக்கு, அப்போ இது மழைக்குப் பொறவு எடுத்ததுதாம்னு நெனச்சேன். அதையும் நீங்கதாம் வச்சியளா?"

"ஆமாங்க."

"செத்தவங்களுக்குச் செய்யுத வேலைய உசுரோட கெடக்கதுக்குச் செஞ்சுட்டியளே."

சுவரில் பல்லி ஒன்று சத்தமிட்டது. அவர் போனை எடுத்துக்கொண்டே, "தாய் எந்தப் பக்கம் பாத்துச்சு?" என்று கேட்டார். குரலில் அக்கா இல்லை.

"மேக்கால. சரிவோட கடைசிவரைக்கும் போயி நின்னுச்சு. ரெண்டு நாளும்."

மேற்குச் சரிவுக்கு அப்பால் யாரோ வாங்கிப் போட்டு, வேலி கட்டி, பிறகு எட்டிப் பார்க்காமல் விட்ட ஒரு தோட்டம் இருந்தது. முழுக்க உண்ணிச்செடி. அன்றே ஆட்களோடு இறங்கி அதை வெட்டிக்கொண்டே போன சின்னுசாமி, புதருக்கு நடுவில் ஒரு கிணற்றைக் கண்டான். பாதியில் தோண்டி விட்டது, சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பு மண்ணில் நீள நீளமாய் நகக் கீறல்கள். ஒரு பக்கம் மண் பெயர்ந்து உள்ளே சரிந்திருந்தது. எட்டிப் பார்த்தான். அடியில் கலங்கல் தண்ணீர், அதற்கு மேலே ஒரு கல் திட்டில் சுருண்ட கறுப்பு உருண்டை. கூழாங்கல் ஒன்றைப் போட்டான். உருண்டை தலையைத் தூக்கியது.

"உசுரு இருக்குதுங்க!" என்று அவன் கத்தியது சாலையோரம் நின்ற வனிதாவுக்கே கேட்டது. அவள் பக்கத்தில் இருந்த வேலிக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

இமானுவேல் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்களை வட்டமாக நிறுத்தி வேலையைப் பிரித்தார்.

"நாம தூக்குனா தாய் அதச் சேக்குமோ சேக்காதோ. சேக்கலன்னா அது பொழச்சாலும் கூண்டுலதாம் பொழைக்கணும். அதனால ஏணிய எறக்கி வச்சுட்டு விலகிருவோம். அதுவா ஏறட்டும். ராத்திரிக்குள்ள ஏறலன்னா காலைல வலையோட டாக்டரக் கூட்டிட்டு வருவோம்."

மூங்கில் ஏணியில் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். குட்டியின் நகம் பிடிக்க வாகாக இருக்க வேண்டுமே. படிகளில் பலாச்சுளைகளைச் செருகினார்கள். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இப்படி ஜோடிக்கலீங்க" என்றான் ஒருவன். "உன்னயக் கட்டிக்கிட்டவ கெணத்துல வுழுந்ததுக்கு ஏணியே போடலியேடா" என்றான் சின்னுசாமி.

எல்லோரும் விலகியாக வேண்டும். ஆள் வாடை இருந்தால் தாய் கிட்டே வராது. ஆனால் குட்டி ஏறியதா என்று ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தும் ஆக வேண்டும். அர்த்தனாரி தோட்டத்துப் பாறையின் உச்சிக்குப் போனால் அந்தக் கிணற்றடி தெரியும். அவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் மலையில் ஒன்றுதான் இருந்தது.

இமானுவேல் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க போங்க. ஏறுனா ஒரு போன். ஏறலன்னாலும் ஒரு போன். நாங்க கீழ ரோட்டுல டீக்கடையில இருப்போம்."

"சரிங்க."

"உள்ளதச் சொல்லுங்க."

"சரிங்க" என்றாள் மறுபடியும்.

தோட்டத்தின் வழியாகப் போகும்போது சென்னம்மாள் மிளகுக் கொடிக்குக் கீழே நின்றிருந்தாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. "கெடச்சுருச்சுன்னு நான் கற்பூரம் ஏத்தினேன் கண்ணு" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று வனிதாவுக்குத் தோன்றியது. "எனக்குத் தெரியாதுங்களேக்கா, நீங்க..." என்று தொடங்கி முடிக்காமல் நடந்தாள். சென்னம்மாள் பின்னால் வரவில்லை.

பாறை உச்சியில் காற்று ஈரமாக வீசியது. கிணற்று விளிம்பும் ஏணியின் இரண்டு முனைகளும் லென்ஸில் சின்னதாகத் தெரிந்தன. பார்த்துக்கொண்டே கிடந்தாள். மேகம் இறங்கி மறைக்கும், விலகும். ஒவ்வொரு முறை விலகும்போதும் ஏணி முனை மட்டும் நின்றது. கண்ணை எடுத்தால் அந்த நொடியில் ஏதாவது நடந்துவிடும் என்று பயமாக இருந்தது. கண்ணீர் வந்தபோதும் அதைப் புறங்கையால் ஒற்றினாளே தவிர முகத்தைத் திருப்பவில்லை.

வெளிச்சம் பழுத்து மங்கும்போது உண்ணிச்செடிகள் அசைந்தன. தாய் வந்துவிட்டது. மூத்தது தோளில். வேலிப்பக்கம் வந்து மனித வாடையை மோந்து பின்வாங்கியது, பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது, மறுபடி இறங்கியது. பிறகு நேராகக் கிணற்றுக்கு வந்து விளிம்பில் மூக்கை நீட்டியது. ஏணி முனையைக் காலால் ஓங்கி ஒரு தட்டு தட்டியது. ஏணி ஆடி நின்றது, விழவில்லை.

தாய் கூப்பிட்டிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் எதுவும் கேட்கவில்லை. மூத்தது முதுகிலிருந்து இறங்கி விளிம்பில் வயிறு பட உட்கார்ந்தது. நெடுநேரம் அப்படியே இருந்தன இரண்டும். இருட்டு பக்கவாட்டிலிருந்து கசிந்து வந்தது. அப்புறம் ஏணி முனைகளுக்கு நடுவில் ஒரு வெளிர் மூக்கு தெரிந்தது. தெரிந்து, உள்ளே போய்விட்டது. தாய் கழுத்துவரை குனிந்தது. மறுபடி மூக்கு, காது, ஒரு முன்னங்கால். தாய் வாயால் எதையோ கவ்வி இழுத்தது. ஈரமான ஒரு சின்ன உருவம் மண்ணில் விழுந்து கிடந்தது.

எழுந்தது. வழக்கம்போல எதையோ மோந்து பார்த்தது.

தாய் அதை நக்கியது, புரட்டியது, மறுபடி நக்கியது. பிறகு முன்காலை மடக்கியது. மூத்தது ஏறியது. இளையது ஏறச் சறுக்கி, ஏறச் சறுக்கி, கடைசியில் தாய் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொடுத்த பிறகு ஏறியது. மூன்றும் ஒரே கறுப்பாகி வேலியைத் தாண்டிப் போயின.

வனிதாவின் விரல் தன் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தாள். இருட்டுக்குள் இருட்டு. எது தாய், எது குட்டி, எத்தனை குட்டி என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

உச்சியில் போனுக்குச் சிக்னல் கிடையாது. பாறையில் பாதி தூரம் இறங்க வேண்டும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாத ஒரு சந்தோஷம் அவளிடம் மட்டும் இருந்தது. அதைத் திரும்பிச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு இடத்தில் நின்று, "ஏறிருச்சுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். இருபது வருஷம் பூபதியிடம் பேசிய குரலில் அது வந்தது. மேற்கொண்டு இறங்கினாள்.

சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டாள்.

"ஏறிருச்சுங்க. தாய் கவ்வி இழுத்துருச்சு. ரெண்டையும் முதுகுல ஏத்திக்கிட்டு வேலியத் தாண்டிப் போயிருச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"படம் எடுத்தேனுங்க. இருட்டுல ஒண்ணும் சரியா வுழுகல."

"சரி" என்றார் இமானுவேல். சற்றுப் பொறுத்து, "காலைல சின்னுசாமிய அனுப்பித் தடம் பாக்கச் சொல்லுதேன். பாத்த பொறவு நானே குரூப்புல போடுதேன். நீங்க ஒண்ணும் போட வேண்டாம், என்ன?"

"சரிங்க. அனுப்பிப் பாருங்க."

அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், கொஞ்சம் தள்ளி: "ஏ, ஏறிட்டாம்ல!"

அதற்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். யாரோ விசில் அடித்தான். கண்ணாடி டம்ளர் ஒன்று உருண்டது. "நாங் கட்டுன ஏணிங்க அது, சும்மாவா!" என்று சின்னுசாமி. "ஏணிய நீ கட்டுன. சொளைய எவன்டா பாதி தின்னது?" என்று இன்னொருவன். "பசிச்சுதுங்க, கரடிக்கு மட்டுந்தான் வவுறா?" மறுபடி சிரிப்பு. கடைக்காரர் எல்லோருக்கும் இன்னொரு சுற்று டீ போடுவதாகச் சொன்னார், தன் செலவில். தாய் எப்படிக் கவ்வியிருக்கும் என்று ஒருவன் நடித்துக் காட்டினான் போல, பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டது.

அவள் பேரை யாரும் சொல்லவில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

வனிதா பாறை நடுவில் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். கீழே சென்னம்மாள் வீட்டு விளக்கு எரிந்தது. மேகம் வந்து அதை மூடியது. சின்னுசாமி இன்னும் ஏதோ சொன்னான். சரியாகக் கேட்கவில்லை, ஆனால் அங்கே எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இமானுவேல் கவனித்து எடுத்து அணைக்கும்வரை அப்படியே கேட்டுக்கொண்டு நின்றாள்.